அடுப்புக்கு அறுத்த பலா

எங்கள் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்டபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்கள் வேற்று மனிதர்கள் இல்லை. ஒருவர் என் அப்பா, இன்னொருவர் என் தாய்மாமா. இதில் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது எதற்கென்றால், அதற்கு முன்பு இரண்டு வருடமாக அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. என் காதுகுத்துக்கு மாமா போட்ட தோடு ஊதினால் பறந்துவிடும் என்று அப்பா பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார். பாயசம் வருவதற்குள் அது மாமா காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட ரோஷக்காரர்கள் இரண்டு பேரும் கடைசியில் ஒன்று சேர்ந்தது, என் அம்மாவின் சொத்தைப் பங்கு போடுவதற்காக.

சொத்து என்றால் ஒரு பலா மரம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வசதி உள்ளவர்கள் மஞ்சள் காணி என்று அவள் பெயருக்கு ஒரு துண்டு நிலம் விடுவார்கள். அம்மாவின் அப்பாவுக்கு இருந்ததே கொஞ்சம் நிலம். அதுவும் மகனுக்குத்தான் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஆனாலும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பினான் என்ற பேச்சு வரக்கூடாதல்லவா. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் நாலு பெரிய மனிதர்களை உட்காரவைத்து, தாம்பூலத் தட்டில் மஞ்சள் கிழங்கு ஒன்றை வைத்து, மேலண்டை வரப்பில் நிற்கும் பலா மகளுக்கு என்று வாயால் சொல்லிவிட்டார். நிலம் மாமாவுக்கு, அதில் நிற்கிற மரம் அம்மாவுக்கு. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டில் ஒரு பலாவை நம்பி ஒரு வீடு உலை வைக்கலாம். அதனால் அந்த மஞ்சள் கிழங்கை யாரும் கேலியாக நினைக்கவில்லை.

ஏற்பாடு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், சித்திரை பிறந்து காய் பருத்ததும் மண்டிக்காரர் வருவார். மாமா அவரிடம் விலை பேசுவார். அப்பா போய்ப் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்ட பிறகு பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் நடுவில் வந்து வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவின் மரத்திலிருந்து அம்மாவின் கைக்கு வந்தது வருடத்துக்கு ஒரு பழம். அதையும் அவளே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துச் சுளையையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கொட்டையை அவித்து ஓரமாக உட்கார்ந்து தின்பாள். நான் அதை ஒரு நாளும் கவனித்தவள் இல்லை. எனக்குச் சுளைதான் கணக்கு.

பிறகு தானே புயல் வந்தது. நாங்கள் அப்போது கடலூரில், திருவந்திபுரம் போகும் சாலையில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். விடியும் வரை ஓடு பறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். விடிந்து வெளியே வந்தால் தெருவில் நின்ற மரத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. செல்போன் செத்துவிட்டது. பாலில்லை, தண்ணீரில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் அம்மா மட்டும் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"பலா என்னா ஆச்சோ தெரியலியே."

சாலையில் மொபெட் போகிற அளவுக்கு வழி கிடைத்ததும் அப்பா எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக மிஷின் சத்தம். அதற்கு முன்பு மரம் அறுக்கிற மிஷினை நான் பார்த்ததில்லை. கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி சின்ன இன்ஜின், அதற்கு முன்னால் நீளமாக ஒரு வாள், வாளைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும். கோடாலியால் ஒரு நாள் முழுக்க வெட்ட வேண்டிய புளியமரத்தை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் துண்டு போட்டது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் அந்த மிஷினோடு வந்து இறங்கியிருந்தார்கள். எங்களுக்குப் புயல், அவர்களுக்கு அறுவடை. நான் காதைப் பொத்திக்கொண்டே வேடிக்கை பார்த்தேன்.

மாமா ஊருக்குப் போனபோது முந்திரிக் காடு முழுவதும் படுத்துக் கிடந்தது. பலாவும் விழுந்துதான் இருந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வரப்புக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. வேர் பிடித்த செம்மண் ஒரு சுவர் மாதிரி செங்குத்தாக நிற்க, அதற்கு அடியில் மாடு இறங்குகிற அளவுக்குப் பள்ளம். படுத்துக் கிடந்த அடிமரம் என் நெஞ்சு உயரம் இருந்தது. அம்மா மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒப்பாரி வைப்பாள் என்று நான் பயந்தேன். அவள் குனிந்து அடிமரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

மாமா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். அப்பா மொபெட்டை ஸ்டாண்ட் போட்டார். இரண்டு வருடப் பகை, யார் முதலில் வாயைத் திறப்பது என்று நான் ஆவலாகப் பார்த்தேன்.

"வா மாப்ள. பாத்தியா நம்ம கதிய."

"என்னா மச்சான் பண்றது. வுடு, உசுரு தப்பிச்சமே, அது ஜாஸ்தி."

அவ்வளவுதான். தோடு மறந்துபோயிற்று. அத்தை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மரத்துக்குப் பக்கத்திலேயே போட்டாள். மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தார்கள். குடித்துக்கொண்டே மரத்தை முழம் போட்டார்கள். அடிமரத்தில் மாமா கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு நிலையும் கதவும். நடுமரம் விலைக்கு, அதில் வருவது அப்பாவுக்கு. கடலூர், பண்ருட்டி மரவாடிகளில் மரத்தை அடுக்கவே இடமில்லை, அடிமாட்டு விலைக்குக் கேட்பான், சிதம்பரத்தில் மாமாவுக்குத் தெரிந்த மரவாடிக்காரர் இருக்கிறார், நேரில் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பேச்சு மளமளவென்று முடிந்தது. பல குடும்பங்களை அந்தப் புயல் நடுத்தெருவில் நிறுத்தியது. எங்கள் குடும்பத்தில் ஒற்றுமையை உண்டாக்கியது.

அப்போது அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "நம்ம பாப்பாவுக்கு ஒரு மேச செஞ்சிரணும் மச்சான். டிராயர் வெச்சு."

இந்த இடத்தில்தான் நான் விலை போனேன். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. அரிசி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்து எழுதுவேன், குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். என் வகுப்பில் ஒருத்தி வீட்டில் பூட்டுப் போடுகிற டிராயரோடு மேசை இருந்தது, சாவியை அவள் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு வருவாள். பலா மேசை மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும் என்று அப்பா சொன்னார். அந்த நிமிடமே எனக்கு மரம் விழுந்ததில் இருந்த துக்கமெல்லாம் போய்விட்டது.

அம்மா காலி டம்ளரை எடுக்க வந்தவள் நின்று சொன்னாள். "அது எனக்குக் குடுத்த மரம்ணா."

"யாரும்மா இல்லன்னா?" என்றார் மாமா. "ஒனக்குத்தான எல்லாம். மரவாடிக்காரன்கிட்ட நீ போயி பேசுவியா? ஆம்பளைங்க நாங்க பாத்துக்கறம். நீ போயி உலைய வையி."

"கதவு உன் வூட்டுக்குத்தான போடப்போற?"

"நெலம் என்னுதும்மா. அப்பா குடுத்தது காய்ப்பு. கட்டை யாருக்குன்னு சொல்லிட்டா போனாரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. அப்பா காப்பியின் அடியில் தங்கிய சர்க்கரையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நல்ல நேரத்துல என்னாத்துக்கு வம்பு. போ" என்றார். அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, நான் மேசைக்கு எத்தனை டிராயர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் மாமாவின் பைக்கில் சிதம்பரம் கிளம்பினார்கள். வடலூர் வழியாகப் போய்ச் சேர்ந்து அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு திரும்ப எப்படியும் சாயங்காலம் ஆகும். பைக் திரும்பி மறைந்ததுதான் தாமதம், அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது அவளுக்குப் பின்னால் சின்ன யானை என்று சொல்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. அதிலிருந்து மிஷினோடு ஒருவர் இறங்கினார். தேனிப் பக்கத்து ஆள், ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தவர். கூட வண்டி ஓட்டுகிற கூட்டாளி.

மிஷின்காரர் பலாவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"யக்கா, இது பலகைக்கு ஆகுற மரம்க்கா. இதப் போயி அடுப்புக்கு அறுக்கச் சொல்றீகளே. என் மிஷினுக்கே பாவம் புடிக்கும். ஊரெல்லாம் வெறகு சும்மா கெடக்கு, அதுல நாலு வண்டி அள்ளித் தாரேன்."

"எனக்கு இந்த வெறகுதான் வேணும்."

"வீட்டு ஆளுக வரட்டும்க்கா. பொறவு என்னையப் புடிச்சுச் சட்டையக் கிழிப்பாக."

"வூட்டு ஆளு நான்தான். எங்கப்பா எனக்குக் குடுத்த மரம். அடுப்புல வெக்கிற அளவுக்கு அறு. கிளை பூராவும் உன் கூலிக்கு நீ எடுத்துக்க. மரத்துல ஒரு துண்டு தர மாட்டேன்."

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் துப்பினாள். அந்த ஆள் அத்தையைப் பார்த்தார். அத்தை தடுப்பாள் என்று நானும் நினைத்தேன். புருஷனுடைய புது வீட்டுக் கதவு போகிறதே. அத்தை உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அத்தைக்கும் அவள் அப்பா மஞ்சள் காணி விட்டிருந்தார். அந்தக் கொல்லையை விற்ற காசு இப்போது மாமாவின் புது வீட்டு அஸ்திவாரமாக இருந்தது. அது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கயிற்றை இழுத்ததும் மிஷின் உறுமியது. முதலில் கிளைகளைக் கழித்தார். பிறகு தலைப்பக்கமிருந்து துண்டு போட ஆரம்பித்தார். மரத்தின் கனத்துக்கு வாள் நீளம் பத்தவில்லை. மேலிருந்து முக்கால்வாசி அறுப்பார். அறுத்த இடுக்கு மூடி வாளைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஆப்பை அடித்து வைப்பார். பிறகு அம்மாவும் வண்டிக்காரரும் கடப்பாரையால் நெம்பி அறுத்த இடுக்கை விரித்துப் பிடிப்பார்கள். மிச்சத்தை அந்தப் பக்கமிருந்து அறுப்பார். சங்கிலி மண்ணைத் தொட்டால் பல் மழுங்கிவிடுமாம். பலாப் பால் வேறு சங்கிலியில் ஒட்டிக்கொண்டு மிஷின் திக்கித் திக்கி நின்றது. ஒவ்வொரு தடவையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மிஷினைத் திட்டுவது போல் அம்மாவைத் திட்டினார். மரத்தூள் மஞ்சள் பொடி மாதிரி எங்கள் எல்லோர் மேலும் பறந்தது.

ஒவ்வொரு துண்டு விழும்போதும் என் மேசையில் ஒரு கால் போனது. நான் கத்தினேன். மிஷின் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. மிஷின் நின்ற ஒரு சமயம் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"யம்மா, அப்பா மேச செய்றன்னு சொன்னாரும்மா! எனக்கு மேச வேணும்!"

"மேசைய உங்கப்பன் மரத்துல செய்யச் சொல்லு."

அப்பாவிடம் மரம் ஏது. வாடகை வீட்டில் துளசிச் செடி ஒன்று இருந்தது, அதுவும் வீட்டுக்காரருடையது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. அடிமரத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஓடிப் போய் வேர்ப் பள்ளத்துக்குள் இறங்கி, நிமிர்ந்து நின்ற மண் சுவருக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இங்கே உட்கார்ந்தால் அறுக்க முடியாது, சாயங்காலம் அப்பா வரும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று தீர்மானம். வாளை மரத்தில் வைத்துவிட்ட அந்த ஆள் என்னைக் கண்டதும் மிஷினை அணைத்துவிட்டுப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"யே பாப்பா! வெளிய வா! யக்கா, புள்ளையத் தூக்குங்க! மரத்த அறுத்துவிட்டா அடிக்கட்டை நிமிந்துரும்க்கா, புள்ள உள்ளயே பொதஞ்சுபோகும்!"

அம்மா கடப்பாரையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். என் முடியைப் பிடித்தாளா கையைப் பிடித்தாளா தெரியாது, அடுத்த நிமிடம் நான் வரப்பில் கிடந்தேன். கன்னத்தில் ஓர் அறை. எங்கள் வீட்டில் அடிக்கிற வேலை அப்பாவுடையது. அம்மா அடித்தது அதுதான் முதல் தடவை. நான் அழவில்லை. உன்னோடு இனிமேல் பேச மாட்டேன் என்று சொன்னேன்.

"பேசாத" என்றாள். என்னை அத்தையிடம் தள்ளிவிட்டு, அந்த ஆளிடம் "அறு" என்றாள்.

கடைசி வெட்டு முடிந்ததும் அவர் சொன்னது நடந்தது. மரத்தின் கனம் போனவுடன் வேர்ச்சுவர் மெதுவாக ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு திடீரென்று பின்னால் சாய்ந்து பள்ளத்துக்குள் தொம்மென்று விழுந்தது. தரை அதிர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. புயலுக்கு முன்னால் மரம் நின்ற அதே இடத்தில் அடிக்கட்டை நேராக நின்றது. அத்தை "யம்மாடி" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, துண்டுகளைப் பிளக்கக் கோடாலி கேட்டாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. பச்சை விறகு, நல்ல மஞ்சள் நிறம், பால் வடிந்துகொண்டிருந்தது. அம்மாவே தூக்கித் தூக்கி வண்டியில் அடுக்கினாள். அவள் கையெல்லாம் பால் ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. கடைசி அடுக்கு ஏறுகிற நேரத்தில் மாமாவின் பைக் வந்தது. பின்னால் இன்னொரு பைக்கில் வெள்ளை வேட்டி கட்டிய மரவாடிக்காரர்.

மூன்று பேரும் வண்டியைப் பார்த்தார்கள். அடிக்கட்டையைப் பார்த்தார்கள். மறுபடியும் வண்டியைப் பார்த்தார்கள். மரவாடிக்காரர்தான் முதலில் பக்கத்தில் போனார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்து, வைரம் பாய்ந்த மரம் என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு அதைத் திரும்ப வைத்தார். "இதுக்கா என்ன இவ்ளோ தூரம் இழுத்துக்கினு வந்தீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எங்க வூட்டு நெல வாசலையே அடுப்புல வெச்சிட்டியேடி!"

உனக்குத்தான் எல்லாம் என்று முந்தின நாள் சொன்ன அதே வாய். அம்மா வண்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "அடிக்கட்டை உன் மண்ணுலதான் நிக்குதுண்ணா. அது உன்னுது. எடுத்துக்க."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். வெளி மனிதர்கள் நிற்கிறார்கள் என்று ஞாபகம் வந்து கையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஜில்லா பூரா வெறகு கெடக்குது. அவனவன் வெறக எங்க கொண்டுபோயி கொட்டறதுன்னு தெரியாம முழிக்கிறான். இவ மரத்த அறுத்து வெறகாக்கியிருக்கா. பைத்தியம்தான் புடிச்சிருக்கு மச்சான் இவளுக்கு."

"சின்னதுல இருந்தே கொஞ்சம் ஒரு மாதிரிதான் மாப்ள" என்றார் மாமா.

அந்த வார்த்தை கிடைத்ததும் இரண்டு பேர் முகமும் தெளிந்துவிட்டது. கோபப்பட்டால் ஏன் கோபம் என்று விளக்க வேண்டும். பைத்தியம் என்றால் விளக்க ஒன்றுமில்லை. மிஷின்காரர் தயங்கிக்கொண்டே வந்து விறகை இறக்கிவிடவா என்று கேட்டார். "வெறக வெச்சிக்கினு நான் என்னா பண்றது? அவளயே எடுத்துக்கினு போவச் சொல்லு" என்று மாமா கையை உதறினார். அப்பாவும் போகட்டும் என்று தலையை ஆட்டினார்.

மரமாக நின்ற வரைக்கும் அதன் பழம் அப்பாவின் சட்டைப்பைக்குப் போயிற்று. விழுந்து கிடந்தபோது நிலை வாசலாகவும் மேசையாகவும் மரவாடிச் சரக்காகவும் ஆயிற்று. அடுப்பு அளவுக்குத் துண்டு போட்ட பிறகுதான் அது அம்மாவுடையது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விறகைப் பற்றி எந்த ஆண்பிள்ளையும் கணக்குக் கேட்க மாட்டான் என்பது என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இதை யோசிக்க அவளுக்கு ஒரு ராத்திரிதான் கிடைத்தது. இதையெல்லாம் இன்றைக்கு என்னால் எழுத முடிகிறது. அன்றைக்கு நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மேசை போன வயிற்றெரிச்சலில், அப்பாவோடும் மாமாவோடும் சேர்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்னைப் பார்த்துவிட்டார். தோளைப் பிடித்து எல்லோருக்கும் நடுவில் இழுத்து நிறுத்தினார்.

"நீ சொல்லு பாப்பா. படிக்கிற புள்ள நீ. உங்கம்மா பண்ணது நாயமா?"

"சொல்லு, சொல்லு. பயப்படாத" என்றார் அப்பா.

மரவாடிக்காரர் பைக்கை உதைக்காமல் நின்றார். மிஷின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா கயிற்றின் முனையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒருவரையும் அப்படிப் பார்க்கவில்லை.

"தப்புதான் மாமா" என்றேன். "அம்மா பண்ணது தப்பு."

"பாத்தியா! கொழந்தைக்குத் தெரியுது!" என்று மாமா என் முதுகில் தட்டினார். அப்பா சிரித்தார். மரவாடிக்காரரும் சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். அம்மா குனிந்து முடிச்சைப் போட்டு முடித்தாள்.

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத பெருமை. அறை வாங்கிய கன்னம்கூட வலிக்கவில்லை. பெரிய மனிதர்கள் நாலு பேர் நடுவில் நிறுத்தி, ஒரு மர விவகாரத்தில் என்னிடம் நியாயம் கேட்டார்கள் என்று பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்த மரத்தைப் பற்றி அதற்கு முன்னால் அவர்கள் எந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்ததால்தான் என்னைக் கேட்டார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.